ஒரே ஆடி மாதம், இரண்டு கடிதங்கள்

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெள்ளையடிப்பதற்காகப் பெட்டகத்தை நகர்த்தியபோது பாட்டையா காலத்துக் கடிதக் கட்டு ஒன்று கிடைத்ததாம். பாட்டையா இலங்கையில் நாவலப்பிட்டியில் வட்டிக்கடை வைத்திருந்தார். அவருடைய தம்பிக்குப் பதுளையில் கடை. 1932 ஆடியில் இருவரும் ஒரே வாரத்தில் ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பாட்டையா எழுதியது: “இருபது நாளாய் மழை விடவில்லை. வேட்டி காயவில்லை. பேரேட்டில் பூஞ்சணம் பூத்துவிட்டது.” சின்னப் பாட்டையா எழுதியது: “இங்கே சொட்டு மழை கிடையாது. கச்சான் அடித்துக் கண்ணெல்லாம் மண். கிணறு அடியில் கிடக்கிறது.”

தம்பியின் சந்தேகங்கள் இவை. வரைபடத்தில் இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு சின்னத் தீவில் இது எப்படி நடக்கும், யாராவது ஒருவர் கூட்டிச் சொல்லியிருப்பாரோ? கச்சான் என்றால் வேர்க்கடலை என்கிறார்கள், கடலை எப்படி அடிக்கும்? அந்த நாடு மொத்தத்தில் எப்படிப்பட்டது? டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு போய் இரண்டு ஊரையும் பார்த்துவரலாமா?

தேவகோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தத் தீவுக்கு மூன்று தடவை போய்வந்திருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் தம்பி: இரண்டு பேரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நாவலப்பிட்டிக்கும் பதுளைக்கும் நேர்கோட்டில் அறுபது கிலோமீட்டர்கூட வராது. காரைக்குடிக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. உயரம்கூட இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 600 மீட்டரை ஒட்டி. ஆனால் நடுவில் ஒரு மலை நிற்கிறது. இலங்கையைப் பற்றி எதைக் கேட்டாலும் அந்த நடுமலையிலிருந்து ஆரம்பித்தால்தான் பிடிபடும். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது.

ஒரு சொளகில் நெல்லைக் குவித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். குவியல் நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் தெற்கே தள்ளியிருக்கிறது. அதுதான் மலைநாடு. சுற்றிலும் சமவெளி. வடக்கே போகப்போகத் தட்டையாகி யாழ்ப்பாணத்தில் கடல்மட்டத்துக்கு வந்துவிடும். மலையின் உச்சி பிதுருதலாகல, 2,524 மீட்டர். தீவின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் சரிபாதி. வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 435 கிலோமீட்டர், அகலமான இடத்தில் 225 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு மேலே 6 பாகையிலிருந்து 10 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் கோடை, குளிர் என்று காலத்தால் வருகிற வித்தியாசம் அங்கே ரொம்பக் குறைவு. குளிர் வேண்டுமென்றால் மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், மலை ஏறினால் போதும். கொழும்பில் வருடம் முழுக்கச் சராசரி 27 பாகை. நுவரெலியாவில் 16. சனவரி, பிப்ரவரி விடியற்காலையில் அங்கே புல்லின் மேல் உறைபனிகூடப் படியும்.

சரி, ஆடி மாதத்துக்கு வருவோம். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்துமாக்கடல் ஈரத்தை எல்லாம் சுமந்துகொண்டு வருகிறது. தீவில் நுழைந்ததும் மலை குறுக்கே நிற்கிறது. காற்றுக்கு வேறு வழியில்லை, மேலே ஏற வேண்டும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் அதுவரை தாங்கிய ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடும். நாவலப்பிட்டி அந்த மேற்குச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வட்டவளை என்று ஓர் ஊர். வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்குகிற இடம். நம்மூர்க்காரர் ஒருவர் அங்கே கடை போட்டு உட்கார்ந்து பேரேடு பூஞ்சணம் பூத்தது என்று எழுதினால் அதில் மிகையே இல்லை.

அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது கையில் ஈரம் கிடையாது. இறங்க இறங்க அழுந்திச் சூடேறுகிறது. பதுளை அந்தப் பக்கம். காய்ந்த, சூடான, வேகமான காற்று வாரக்கணக்கில் வீசும். இன்னும் கிழக்கே மட்டக்களப்புவரை அந்த வெக்கை போகும். கிழக்குக்கரைத் தமிழர்கள் மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு வைத்த பெயர்தான் கச்சான். வேர்க்கடலையையும் அங்கே கச்சான் என்றுதான் சொல்வார்கள், இரண்டும் உண்மை. வடக்கே யாழ்ப்பாணத்தில் இந்தத் தென்மேற்குக் காற்றுக்குச் சோழகம் என்று பெயர். வாடை, கொண்டல் இரண்டும் நமக்கும் பொது.

இதைப் புரிந்துகொள்ள நாம் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே ஆடியில்தானே நம் ஊரில் அம்மி பறக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் கேரளம் நனைகிறது, இந்தப்பக்கம் நாம் புழுதி தின்கிறோம். நாவலப்பிட்டி அவர்களுக்குக் கேரளம், பதுளை அவர்களுக்குக் காரைக்குடி. நமக்கு மாநில எல்லை தாண்டி நடக்கிற கதை அவர்களுக்கு ஒரு பகல் ரயில் பயணத்துக்குள் நடந்து முடிகிறது.

அந்த ரயிலில் நான் போயிருக்கிறேன். கொழும்பிலிருந்து நாவலப்பிட்டி, அட்டன் வழியாக ஏறி, பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில் 1,898 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டுப் பதுளைக்கு இறங்குகிற பாதை. பதுளைவரை அது போய்ச் சேர்ந்தது 1924இல். ஆக உங்கள் பாட்டையாவும் அவர் தம்பியும் அதில் ஏறிப் போய்வந்திருப்பார்கள். பட்டிப்பொலவைத் தாண்டினால் ஒகியாவுக்கு முன்னால் ஒரு சுரங்கப்பாதை. நான் போனது ஆகஸ்டில். நுழையும்போது சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, பக்கத்துப் பெட்டி தெரியாத அளவுக்கு மூட்டம். வெளியே வந்தால் வெயில். எதிர் இருக்கையில் இருந்த அம்மா பேச்சை நிறுத்தாமல் குடையை மடித்துப் பைக்குள் வைத்தார். முப்பது வருடமாகக் கரும்பலகையில் மலை வரைந்து, அம்புக்குறி போட்டு நான் சொல்லிக்கொடுத்ததை அந்தக் குடை ஒரு நொடியில் சொல்லிவிட்டது.

தேயிலைக்காரர்களுக்கு இந்தக் காய்ந்த காற்று வேண்டும். ஊவா என்கிற அந்தப் பதுளைப் பக்கத்தில் சூலையிலிருந்து செப்டம்பருக்குள் பறிக்கிற இலைக்குத்தான் தனி மணம், தனி விலை. மேற்குச் சரிவுத் தேயிலைக்கு நல்ல பருவம் சனவரியிலிருந்து மார்ச்; அப்போது அங்கே மழை ஓய்ந்திருக்கும்.

ஐப்பசி பிறந்தால் கதை திரும்புகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து வரும். நமக்கு அடைமழை பெய்கிற அதே நாட்களில்தான் யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை எல்லாம் நனையும். புயலும் அப்போதுதான். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலும் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலும் இந்தப் பருவத்தின் பிள்ளைகள்.

இலங்கைப் பாடநூல்கள் நாட்டை ஈர வலயம், உலர் வலயம், இரண்டுக்கும் நடுவே இடை வலயம் என்று பிரிக்கின்றன. ஈர வலயம் தென்மேற்கு மூலை மட்டும்தான்; வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். உலர் வலயம் தீவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 1,750க்குக் கீழே. மன்னாரும் அம்பாந்தோட்டையும் ஆயிரத்தைத் தொடுவதே கஷ்டம். சுற்றுலாப் படங்களில் பச்சைப் பசேலென்று நாம் பார்க்கிற இலங்கை தீவின் ஒரு மூலை. மிச்சம் பெரும்பகுதி நம் சிவகங்கைச் சீமை மாதிரிதான்: செம்மண், முள்ளுக்காடு, நான்கு மாத மழை, எட்டு மாதக் காத்திருப்பு.

அதனால்தான் அந்தக் காய்ந்த பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு அசலூர் என்றே தோன்றவில்லை. அங்கே நாம் கண்மாய் என்பதைக் குளம் என்பார்கள். வவுனிக்குளம், பாவற்குளம், கனகராயன்குளம் என்று வன்னியில் ஊர்ப்பெயரே குளத்தில் முடியும். சிங்களத்தில் வெவ. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழே உள்ள குளத்துக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. நம் இராமநாதபுரத்துச் சங்கிலிக் கண்மாய்கள் அப்படியே. ஆனால் அளவில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவவிலிருந்து அனுராதபுரத்துக்கு 87 கிலோமீட்டர் கால்வாய் ஒன்று போகிறது. அதன் முதல் சில மைல்களில் மைலுக்கு ஆறு அங்குல அளவுக்குத்தான் சரிவு. எந்தக் கருவியை வைத்துச் சரிவு பார்த்தார்களோ! கரைக்குள்ளே தண்ணீரின் வேகத்தை அடக்கி வெளியே விடுகிற சதுரக் கிணறு போன்ற ஓர் அமைப்பும் அவர்களிடம் இருந்தது, பிசோகொட்டுவ என்று பெயர். நம் ஊர்க் கண்மாயில் தண்ணீரை அடக்கித் திறந்துவிடுகிற குமிழி மடையைப் பார்த்தவர்களுக்கு அதன் சூட்சுமம் உடனே பிடிபடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் பொலன்னறுவையில் வெட்டிய ஏரியைக் கரையில் நின்று பார்த்தேன். பராக்கிரம சமுத்திரம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

விவசாயமும் இந்தக் கணக்குதான். வடகிழக்கு மழையில் செய்வது பெரும்போகம், தென்மேற்கு மழைக்காலத்தில் செய்வது சிறுபோகம். காய்ந்த பக்கத்தில் சிறுபோகம் என்பது குளத்தில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பொறுத்தது.

ஆறுகளும் நடுமலையிலிருந்துதான் எல்லாப் பக்கமும் இறங்குகின்றன. மிக நீளமானது மகாவலி, 335 கிலோமீட்டர். உங்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிக்கும். மகாவலி நாவலப்பிட்டி ஊருக்குள்ளேயே ஓடுகிறது. அங்கிருந்து கண்டியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பிக் காய்ந்த நாட்டுக்குள் இறங்கும். பதுளை ஓயா என்கிற பதுளையின் ஆறும் வழியில் வந்து அதில்தான் விழுகிறது. இரண்டு பாட்டையாமாரும் குளித்த தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலுக்குப் போகிறது. மழை பெய்கிற பக்கத்துத் தண்ணீரை மழை இல்லாத பக்கத்துக்குத் திருப்புவதற்காகத்தான் 1970களிலிருந்து மகாவலியில் வரிசையாக அணை கட்டினார்கள். 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985இல் திறந்தது.

யாழ்ப்பாணம் இந்தக் கணக்குக்கே வெளியே. அங்கே மலை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் நிற்கும். அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வெங்காயம், புகையிலை, மிளகாய் எல்லாம். அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். அந்தப் பயத்திலேயே தண்ணீரை எண்ணிச் செலவு செய்கிற சனங்கள்.

என் மாணவர்களுக்கு நான் வேறு ஒரு குறுக்குவழி சொல்வதுண்டு. இலங்கையில் எந்த வலயத்தில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டுமா, மரத்தைப் பார். பனை நின்றால் காய்ந்த வடக்கு. தென்னை அடர்ந்தால் குருநாகல், புத்தளம், நீர்கொழும்புப் பக்கம். கித்துள் நின்றால் ஈரமான மலைச்சரிவு. கித்துள் என்பது நம்மூரில் கூந்தற்பனை என்பார்களே, அது. மூன்று பக்கத்திலும் இனிப்புக்கு அந்தந்த மரம். வடக்கே பனங்கட்டி, மலைப்பக்கம் கித்துள் பாணி என்கிற பாகு. தயிரில் அந்தப் பாணியை ஊற்றிச் சாப்பிட்டால் மறக்க முடியாது.

சமையல் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் புத்தாண்டு அங்கே சிங்களவருக்கும் தமிழருக்கும் ஒரே நாள். சிங்கள வீட்டில் எனக்குத் தட்டில் வைத்த பலகாரத்தில் கொக்கிஸ் என்று ஒன்று இருந்தது. நம் ஆச்சிமார் இரும்பு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விடுகிற அச்சுமுறுக்கேதான். கெவும் என்பது அரிசிமாவும் கித்துள் பாணியும் சேர்ந்தது, அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மற்றபடி அவர்கள் சமையல் தேங்காய்ப்பாலில் நிற்கிறது: சொதி, பாலப்பம், இடியப்பம், மாசிக்கருவாடு இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பல், ரம்பை இலை. செட்டிநாட்டுச் சமையலில் நாம் கொட்டுகிற பட்டை பெரும்பாலும் தடித்த சீனப்பட்டை. இலங்கையின் கறுவா வேறு. மெல்லிய தோல்கள் பல சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும், கையால் நொறுக்கலாம். அதற்காகத்தான் போர்த்துக்கீசியரும் அப்புறம் ஒல்லாந்தரும் அந்தக் கரையில் அத்தனை சண்டை போட்டார்கள்.

போர்த்துக்கீசியர் 1505இல் வந்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள், 1796இல் ஆங்கிலேயர். ஆனால் கண்டி ராஜ்ஜியம் மட்டும் 1815வரை யாருக்கும் வசப்படவில்லை. காரணம் மறுபடியும் மலைதான். காடு, செங்குத்துப் பாதை, ஓயாத மழை, காய்ச்சல். கரையோரத்தில் வந்தவர்கள் விட்டுப்போனது பேச்சில் தங்கியது. இலங்கைத் தமிழில் ரொட்டி பாண், நாற்காலி கதிரை, பூட்ஸ் சப்பாத்து, ஆபீஸ் கந்தோர். முதல் மூன்றும் போர்த்துக்கீசியம், கடைசி டச்சு.

இனி நம்மவர்கள் கதை. கண்டி விழுந்த பிறகு ஆங்கிலேயர் மலைக்காட்டை வெட்டிக் காப்பி போட்டார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்து சில வருடங்களில் அத்தனையும் அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே சேம்சு டெய்லர் லூல்கந்தூரத் தோட்டத்தில் தேயிலை போட்டிருந்தார். அது காப்பியின் இடத்தைப் பிடித்தது. வேலைக்கு ஆள் நம் பக்கத்திலிருந்துதான் போனது. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் மழை பொய்த்த வருடமெல்லாம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணிக்கு அறுவடை. 1870களில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் கேட்கவே வேண்டாம். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். வறண்ட ஊரில் பிறந்தவர்கள் வட்டவளை மழையில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்ததை நினைத்தால், நாம் வெயிலைப் பற்றிப் புலம்பக் கூசும். இன்றும் மாசியில் லயம் என்கிற தோட்ட வரிசை வீடுகளில் காமன் கூத்து நடக்கிறது. நம் பக்கத்தில் பல ஊர்களில் அதை மறந்தாயிற்று.

நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்தத் தோட்டங்களைத் தொடர்ந்து மலை ஏறினார்கள். கொண்டுவிற்கப் போவது என்பார்கள். கொழும்பில் செட்டியார் தெருதான் தலைமையிடம். அரிசியும் துணியும் விற்பதில் ஆரம்பித்து லேவாதேவிக்கு வந்தார்கள். ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்க்காரனுக்குக் கடன் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் உள்ளூர்க்காரனுக்குக் கொடுப்பார். நாவலப்பிட்டி, கம்பளை, அட்டன், பதுளை என்று ரயிலும் தேயிலையும் சேரும் ஊர்களிலெல்லாம் கடை. கிட்டங்கி என்கிற பொதுக் கடைக்கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, அதாவது பணப்பெட்டி வைத்து உட்காருகிற இடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு. மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவது. பெண்டுபிள்ளைகள் ஊரில். அதனால்தான் தம்பி, மழையைப் பற்றியும் வேட்டியைப் பற்றியும் அவ்வளவு கடிதங்கள். தோய்த்துக் காயப்போட ஆள் இல்லை.

அங்கிருந்து முதிரை மரமும் கருங்காலியும் நம் வளவு வீடுகளுக்கு வந்தன. முதிரை என்றால் அந்த மஞ்சள் பளபளப்பு மரம். அது உலர் வலயத்துக் காட்டு மரம். பர்மாத் தேக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், முதிரையை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் தேயிலை, ரப்பர், தேங்காய் விலைகள் விழுந்தபோது, அடமானம் மீளாமல் நிறைய நிலம் செட்டியார் கைக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத மனக்குறை. நம் வீடுகளில் இந்தப் பகுதியை மெல்ல விழுங்கிவிடுவோம். 1934இல் அங்கே வங்கி விசாரணைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. 1939இல் இலங்கை வங்கி தொடங்கியது. 1948இல் சுதந்திரம், அதே வருடம் குடியுரிமைச் சட்டம். தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று ஆட்களைக் கணக்கில் எழுதினார்கள். கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அதே வருடம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று 1914 முதல் இருந்த வழி அதோடு அறுந்தது. காரைக்குடி வழியாக இராமேசுவரம் போகிற வண்டியை இன்னமும் நாம் போட் மெயில் என்கிறோம், போட் இல்லாமலே.

2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 கோடியே 3 லட்சத்துச் சொச்சம். நாலில் மூன்று பங்கு சிங்களவர். இலங்கைத் தமிழர் 11 சதவீதம், முஸ்லிம்கள் 9, தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் 4. பத்தில் ஏழு பேர் பௌத்தர். ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, போயா நாள். மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்காது. போகிற தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாக்களிலும் காற்றின் கை இருக்கிறது. சிவனொளிபாதமலைக்கு, 2,243 மீட்டர், டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமிவரைதான் பருவம். தென்மேற்கு மழை தொடங்கினால் படியெல்லாம் அருவி. உச்சியில் உள்ள பாதச்சுவட்டை பௌத்தர் புத்தருடையது என்பார்கள், நாம் சிவனுடையது என்போம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. ஏறுகிற வழி எல்லோருக்கும் பொது. கதிர்காமத்துக்கு ஆடியில் திருவிழா. அது காய்ந்த தென்கிழக்கு மூலை, அதனால் ஆடியில் நடந்தே போகலாம். அங்கே மூலவரைப் பார்க்க முடியாது. திரைக்கு முன்னால்தான் பூசை. செய்கிறவர் கப்புறாளை என்கிற சிங்களப் பூசாரி. காலரா காலத்தில் ஆங்கில அரசு அந்த யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டதாகவும், அதையொட்டியே நகரத்தார் கொழும்பிலேயே ஆடிவேல் எடுக்க ஆரம்பித்ததாகவும் சொல்வார்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் தேரில் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகும். கடைகள் போயும் வேல் போகவில்லை.

கண்ணகியையும் விட முடியாது. சிங்களவருக்கு அவள் பத்தினி தெய்யோ. மட்டக்களப்பில் வைகாசியில் அவளைக் குளிர்விக்கக் குளிர்த்தி பாடுகிறார்கள். மழைக்கும் அம்மை இறங்கவும் அவளைத்தான் கேட்பது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மனைவி அவள். நகரத்தார் நாமும் அங்கிருந்துதான் வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். நமக்கு முன்னாலேயே அவள் கடல் தாண்டிவிட்டாள்.

கடைசியாக உங்கள் பயணம். டிசம்பர் வேண்டாம். அப்போது பதுளைப் பக்கம் அடைமழை, மண்சரிவு பயம் வேறு. நாவலப்பிட்டி ஓரளவு தெளிந்திருக்கும். அதாவது கடிதத்தில் உள்ளதற்கு நேர் எதிர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலையும் கடல் சரியில்லாத மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். வெறும் சுற்றிப் பார்ப்பது என்றால் பிப்ரவரி நல்லது. கடிதத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஆடியில் போங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு சொல்லிக்கொள்ளலாம். நாவலப்பிட்டியில் ஓர் இரவு, மறுநாள் ரயிலில் பதுளை. ஈரத்துணியை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், பதுளையில் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கிளிப் மட்டும் நான்கைந்து கூட வைத்துக்கொள்ளுங்கள், கச்சான் தூக்கிக்கொண்டு போய்விடும்.